இடுப்பு வரைக்கும் – கடிதம்

அன்புள்ள ஐயா,

வங்கி வேலையிலிருந்து ஓய்வு பெற்றபின் இரவில் தூக்கம் குறைந்துவிட்டது. யூட்யூபில் பழைய அமெரிக்கத் தொலைக்காட்சி நிகழ்ச்சிகளைப் பார்க்க ஆரம்பித்தேன், இப்போது அது பழக்கமாகவே ஆகிவிட்டது. ‘ஐ லவ் லூசி’, எட் சல்லிவன் ஷோ, எல்விஸ், சக் பெர்ரி, லிட்டில் ரிச்சர்ட் என்று ஒன்றும் விடுவதில்லை. அந்தக் கறுப்பு வெள்ளை உலகம் எவ்வளவு வெள்ளந்தியாக இருந்திருக்கிறது! குடும்பத்தோடு உட்கார்ந்து பார்க்கலாம். இன்றைய ரீல்ஸை நினைத்தால் வயிறு எரிகிறது. என் மகள் மட்டும் “அப்பா, எல்விஸ் கறுப்பர்களோட பாட்டைத் திருடினவர்” என்று சொல்லி ரசனையைக் கெடுக்கிறாள்.

உலகின் முதல் ராக் அண்ட் ரோல் பாட்டு எது? ‘ராக்கெட் 88’ என்கிறார்கள் சிலர், ‘ராக் அரவுண்ட் த கிளாக்’ என்கிறார்கள் சிலர். தங்கள் கருத்து என்ன? எல்விஸ் விஷயத்தில் என் மகள் சொல்வது சரியா? 1957இல் சல்லிவன் ஷோவில் எல்விஸ் பாடிய பதிவுக்கு அழகாக வண்ணம் ஏற்றியிருக்கிறார்கள். இணைப்பு அனுப்பியிருக்கிறேன்.

கே., கோவை

அன்புள்ள கே.,

இந்த மாதிரிக் கடிதங்களுக்குப் பெரும்பாலும் இரண்டு வரியில் நன்றி எழுதி அனுப்பிவிடுவேன். உங்களுக்கு நீளமாக எழுதக் காரணம் அந்த இணைப்புதான். அதே பதிவை, வண்ணம் பூசாத பிரதியை, கொஞ்ச நாட்களாக நானும் திரும்பத் திரும்பப் பார்த்துக்கொண்டிருக்கிறேன்.

முதல் பாட்டு எது என்கிற கேள்வியைத் தள்ளி வைப்போம். முதல் தோசையைச் சுட்டது யார் என்று கேட்கிற மாதிரி அது. ‘ராக்கெட் 88’ கட்சிக்காரர்களிடம் ஒரு நல்ல கதை இருக்கிறது என்பதை மட்டும் ஒத்துக்கொள்கிறேன். 1951 மார்ச்சில் ஐக் டர்னரின் குழு மிசிசிப்பியிலிருந்து காரில் மெம்ஃபிஸுக்கு வருகிறது. வந்து பார்த்தால் ஆம்ப்ளிஃபயர் அடிபட்டு ஸ்பீக்கர் பழுதாகிக் கிடக்கிறது. ஸ்டூடியோ வைத்திருந்த சாம் ஃபிலிப்ஸ் ஸ்பீக்கருக்குள் காகிதத்தைத் திணித்து, கரகரவென்று வந்த சத்தத்தை அப்படியே பதிவு செய்கிறார். பாட்டு ஜாக்கி பிரென்ஸ்டன் என்ற பாடகரின் பெயரில் வெளிவந்து, கறுப்பினத்தவர் இசைக்கான பட்டியலில் முதலிடத்துக்குப் போனது. ஓட்டை ஸ்பீக்கரின் கரகரப்புதான் ராக் என்றால் எனக்கு ஆட்சேபணை இல்லை. ஆனால் அதற்கு ஏழு வருடம் முன்பே, 1944இல், எலக்ட்ரிக் கிடாரோடு ஒரு பெண்மணி பாடிய பக்திப் பாட்டு இருக்கிறது. அவரிடம் பிறகு வருகிறேன். அவரிடம் வருவதற்காகத்தான் இந்தப் பதிலையே எழுதுகிறேன் என்றும் வைத்துக்கொள்ளலாம்.

‘வெள்ளந்தி’ என்று எழுதியிருக்கிறீர்களே, அங்கேதான் எனக்குக் கோபம் வந்தது. நீங்கள் வங்கியில் இருந்தவர். ஒரு கணக்கைப் பார்த்ததும் எந்த வரியில் எதை மறைத்திருக்கிறார்கள் என்று கண்டுபிடிக்கிற ஆள். பழைய பாட்டு என்றதும் அந்தக் கண் எங்கே போயிற்று?

நீங்கள் ரசிக்கிற லூசியையே எடுங்கள். லூசில் பாலும் டெசி ஆர்னாஸும் கதையில் மட்டுமல்ல, நிஜத்திலும் கணவன் மனைவி. லூசில் கர்ப்பமானதும் அதையே கதையில் சேர்த்தார்கள். ஆனால் ‘கர்ப்பம்’ என்று வாய்விட்டுச் சொல்லக்கூடாது என்றது அதை ஒளிபரப்பிய சி.பி.எஸ். நிறுவனம். ஒரு கத்தோலிக்கப் பாதிரியார், ஒரு புராட்டஸ்டன்ட் போதகர், ஒரு யூத ராபி, மூவரும் கதைவசனத்தைப் படித்துச் சரி என்று தலையாட்ட வேண்டும் என்று ஏற்பாடு. தொடரில் இருவருக்கும் தனித்தனிக் கட்டில். குழந்தை எங்கிருந்து வந்தது என்று யாரும் கேட்கக்கூடாது. 1953 ஜனவரி 19 அன்று பிள்ளை பிறந்த எபிசோடை சுமார் 4.4 கோடிப் பேர் பார்த்தார்கள். மறுநாள் ஐசன்ஹோவர் ஜனாதிபதியாகப் பதவியேற்றதைப் பார்த்தவர்கள் அதைவிடக் குறைவு. (லூசியின் படம் இன்றும் அவ்வளவு துல்லியமாக இருக்கக் காரணம், அதைச் சினிமா மாதிரி 35 எம்எம் ஃபிலிமில், மூன்று கேமரா வைத்து எடுத்தது. அன்றைய பல நேரலை நிகழ்ச்சிகள் டிவி திரையைப் பார்த்து இன்னொரு கேமரா எடுத்த மங்கலான பிரதிகளாகத்தான் மிஞ்சின. பல அதுவும் இல்லாமல் போயின.)

நிகழ்ச்சி நடத்திய எட் சல்லிவனையும் பார்த்துவிடலாம். 1955 நவம்பர் 20 அன்று போ டிட்லி என்ற கறுப்பினப் பாடகர் அவருடைய மேடைக்கு வந்தார். அந்த நேரத்தில் எல்லாரும் முணுமுணுத்துக்கொண்டிருந்த ‘சிக்ஸ்டீன் டன்ஸ்’ பாட்டைப் பாடச் சொன்னார்கள். அவர் மேடையில் ஏறித் தன் சொந்தப் பாட்டைப் பாடிவிட்டு இறங்கினார். சல்லிவன் கொதித்துப் போனார், மறுபடி அவரைக் கூப்பிடவே இல்லை. 1957இல் ஆலன் ஃப்ரீடின் ‘பிக் பீட்’ டிவி நிகழ்ச்சியில் ஃப்ராங்கி லைமன், பதினாலு வயதுக் கறுப்பினப் பையன், பாடி முடித்த உற்சாகத்தில் ஒரு வெள்ளைக்காரச் சிறுமியோடு ஆடினான். தென்மாநில நிலையங்கள் கூச்சல் போட்டன, நிகழ்ச்சியே நின்றது. கறுப்பினப் பாடகர் நாட் கிங் கோல், அவர் குரலைப் பற்றி யாருக்கும் புகார் கிடையாது, அவருடைய நிகழ்ச்சிக்கு நாடு தழுவிய விளம்பரதாரர் ஒருவர்கூடக் கிடைக்காமல் 1957 டிசம்பரில் மூட்டை கட்டினார். இதுதான் குடும்பத்தோடு உட்கார்ந்து பார்க்கக்கூடிய உலகம். யாருடைய குடும்பம் என்று கேட்டுக்கொள்ளுங்கள்.

சரி, நீங்கள் அனுப்பிய பதிவுக்கு வருகிறேன்.

எல்விஸை இடுப்புக்கு மேலே மட்டும் காட்டினார்கள் என்ற கதை எல்லாருக்கும் தெரியும். எல்லாரும் அதை அரைகுறையாகத்தான் சொல்கிறார்கள். கொஞ்சம் பொறுமையாகக் கேளுங்கள், இதை நான் விடுவதாக இல்லை.

1956 ஜூன் 5 அன்று நகைச்சுவை நடிகர் மில்டன் பெர்லின் டிவி நிகழ்ச்சியில் எல்விஸ் கிடாரைக் கையில் எடுக்காமல் ‘ஹவுண்ட் டாக்’ பாடினார். கை சும்மா இருந்ததால் உடம்பு முழுக்க ஆடியது. பத்திரிகைகள் பிலுபிலுவென்று பிடித்துக்கொண்டன. ஜூலை 1 அன்று ஸ்டீவ் ஆலன் தன் நிகழ்ச்சியில் அவருக்குப் பின்பக்கம் வால்போல் நீண்ட கோட்டும் போ டையும் மாட்டி, ஒரு பாஸெட் நாயை மேடையில் உட்கார வைத்து அதைப் பார்த்து அந்தப் பாட்டைப் பாடச் செய்தார். எல்விஸ் சிரித்தபடி பாடினார். மறுநாளே நியூயார்க் ஸ்டூடியோவுக்குப் போய் அதே பாட்டை முப்பத்தோரு தடவை பாடிப் பதிவு செய்தார். அந்தப் பதிவில் சிரிப்பு இல்லை, கேட்டுப் பாருங்கள். அதுவரை அந்தப் பையனைத் தன் மேடையில் ஏற்ற மாட்டேன் என்று சொல்லிக்கொண்டிருந்த சல்லிவனை அந்த ஒரு ராத்திரியில் ஸ்டீவ் ஆலன் பார்வையாளர் எண்ணிக்கையில் முந்திவிட்டார். அதன்பின் சல்லிவன் மூன்று நிகழ்ச்சிக்கு 50,000 டாலர் கொடுத்து எல்விஸைப் பிடித்தார். ஒழுக்கத்துக்கு என்ன விலை என்று அன்று தெரிந்துவிட்டது.

முதல் முறை செப்டம்பர் 9. சல்லிவன் கார் விபத்தில் அடிபட்டு ஓய்வில் இருந்தார். நடிகர் சார்ல்ஸ் லாட்டன் நியூயார்க்கில் நின்று நிகழ்ச்சியை நடத்த, எல்விஸ் லாஸ் ஏஞ்சலஸில் பாடினார். சுமார் 6 கோடிப் பேர் பார்த்தார்கள், அந்த நேரத்தில் டிவி முன்னால் இருந்தவர்களில் 82.6 சதவீதம். இரண்டாவது அக்டோபர் 28. இந்த இரண்டு முறையும் முழு உடம்பும் திரையில் வந்தது. கேமரா நடுநடுவே முகத்தின் பக்கம் போய் ஒதுங்கிக்கொண்டது, அவ்வளவுதான். மூன்றாவது முறை, 1957 ஜனவரி 6 அன்றுதான் ஆரம்பம் முதல் கடைசி வரை இடுப்புக்கு மேலே மட்டும். அதுதான் நீங்கள் அனுப்பியது. அதிலே ஏழு பாட்டு. கூட்டம் எப்போது வீறிடுகிறது என்று கவனியுங்கள். திரையில் ஒன்றுமே நடக்காத இடத்தில் பெண்பிள்ளைகள் கத்துகிறார்கள். அவர்கள் பார்ப்பதை நமக்குக் காட்டவில்லை.

கடைசிப் பாட்டு எது? ‘பீஸ் இன் த வேலி’. பக்திப் பாட்டு. ஹங்கேரி அகதிகளுக்கு உதவி கேட்டு அதைப் பாடுகிறார். பின்னால் நிற்கிற குழுவும் அவரும் அசையாமல், கிட்டத்தட்ட கண்மூடி. அதையும் இடுப்பு வரைக்கும்தான் காட்டினார்கள்! பாடி முடித்ததும் சல்லிவன் வந்து இவன் மிகவும் கண்ணியமான, நல்ல பையன் என்று நாட்டுக்கே நற்சான்றிதழ் கொடுக்கிறார்.

அந்தப் பாட்டை எழுதியவர் தாமஸ் டார்ஸி. எல்விஸை முதன்முதலில் நாடு முழுக்கக் காட்டிய நிகழ்ச்சியை நடத்திய டார்ஸி சகோதரர்கள் வேறு, அவர்கள் வெள்ளைக்காரர்கள், குழப்பிக்கொள்ள வேண்டாம். இவர் சிகாகோவில் கறுப்பினத்தவர் கோயில் இசையை மாற்றி அமைத்தவர். இளவயதில் ‘ஜார்ஜியா டாம்’ என்ற பெயரில், ப்ளூஸ் என்ற கறுப்பினத்தவர் இசையில் படுபச்சையான பாட்டுகள் போட்டவர். பிரசவத்தில் மனைவியையும் பிள்ளையையும் இழந்து, முழுக்கக் கோயில் பாட்டுக்கு வந்துசேர்ந்தார். வந்தபோது ப்ளூஸின் நடையைக் கழற்றி வாசலில் வைத்துவிட்டு வரவில்லை.

என் கட்சி இதுதான், கே. ராக் அண்ட் ரோலின் அந்த உடம்பு சாராயக்கடையில் பிறந்தது என்று நினைக்கிறோம். பெரும்பகுதி ஜெபக்கூட்டத்தில் பிறந்தது. எல்விஸ் டுப்பெலோவிலும் மெம்ஃபிஸிலும் அசெம்பிளி ஆஃப் காட் சபையில் வளர்ந்த பையன், பெந்தெகொஸ்தேக்காரன். மெம்ஃபிஸில் கறுப்பினத்தவரின் ஈஸ்ட் டிரிக் கோயிலுக்கும் போய் உட்கார்ந்து பாட்டுக் கேட்டவன். பியானோ வாசித்துப் பாடிய ஜெர்ரி லீ லூயிஸும் அதே அசெம்பிளி ஆஃப் காட். டெக்சாஸில் வேதாகமக் கல்லூரிக்கு அனுப்பினார்கள், அங்கே பக்திப் பாட்டை பூகி-வூகி என்ற துள்ளல் தாளத்தில் வாசித்ததற்கு வெளியே அனுப்பினார்கள். லிட்டில் ரிச்சர்ட் கோயிலுக்கும் மேடைக்கும் நடுவே ஆயுள் முழுக்க அலைந்தவர். ப்ளூஸ் கிடார் கலைஞர் பி.பி. கிங் சிறுவயதில் கிடாரைப் பார்த்ததே சபைப் போதகரின் கையில்தான். அந்தச் சபைகளில் ஆவி இறங்கினால் ஆள் நிற்கிற இடத்தில் நிற்க மாட்டார். முழங்கால் நடுங்கும், தோள் குலுங்கும், குரல் பிளக்கும். ஞாயிற்றுக்கிழமை காலையில் அது ஆராதனை. ஞாயிற்றுக்கிழமை இரவு எட்டு மணிக்கு டிவியில் வந்தால் ஆபாசம். சல்லிவனின் கேமராமேனுக்குத் தான் எதை வெட்டுகிறோம் என்று தெரிந்திருக்காது.

எனக்கு இது ஏன் இவ்வளவு உறைக்கிறது என்று கேட்பீர்கள். நாங்கள் நாகர்கோவில் பக்கம். ஆர்மோனியத்தை இழுத்து இழுத்து வாசிக்க, கையைக் கட்டி நின்று பாமாலை பாடுகிற பழைய கோயில் எங்களுடையது. அப்பாவின் தங்கை மட்டும் கல்யாணத்துக்குப் பிறகு பெந்தெகொஸ்தே சபைக்குப் போய்விட்டார். வெள்ளைப் புடவை, காதிலும் கழுத்திலும் ஒன்றும் கிடையாது, கையில் டாம்பரின். அதன் தோல் ஓரிடத்தில் கிழிந்து, காயத்துக்கு ஒட்டுகிற பிளாஸ்திரியைப் போட்டு ஒட்டியிருப்பார்.

பள்ளி விடுமுறையில் அத்தை வீட்டுக்குப் போனால் சபைக்கும் கூட்டிப்போவார். ஓலைக்கூரை, சாணி மெழுகிய தரை, ஒரு பக்கம் பெண்கள், ஒரு பக்கம் ஆண்கள், கோரைப்பாய். பாஸ்டர் முதலில் மெதுவாகத்தான் ஆரம்பிப்பார். “தம்புரோடும் நடனத்தோடும் அவரைத் துதியுங்கள்” என்று நூற்றைம்பதாம் சங்கீதத்தைச் சொன்னதும் அத்தை எழுந்துவிடுவார். இடது கையில் வளையத்தைப் பிடித்து, வலது உள்ளங்கையின் அடிப்பகுதியால் அறைவார். ஒரு அறை தோலில், அடுத்த அசைவு முழங்கையிலிருந்து, அப்போது சலங்கைத் தகடுகள் மட்டும் பேசும். குதிகால் தரையிலிருந்து எழும்பும். பாட்டின் வேகம் ஏற ஏற, தாளம் கையிலிருந்து இறங்கி இடுப்புக்குப் போய்விடும். பக்கத்தில் நிற்கிற எனக்குப் பாய் அதிர்வது காலில் தெரியும். பாட்டு எங்கே முடிகிறது என்று யாருக்கும் தெரியாது, பாஸ்டருக்கும்.

அப்பா அந்தச் சபைக்குள் நுழைந்ததே இல்லை. என்னைக் கூட்டிப்போக வந்தால் தெருவில் சைக்கிளைப் பிடித்தபடி நிற்பார். தங்கைமேல் உயிர் அவருக்கு. அவர் குரலைப் பற்றி ஊரெல்லாம் பெருமை பேசுவார். கிறிஸ்துமஸுக்கு எல்லாரும் கூடினால் அத்தையைப் பாடச் சொல்வார். ஆனால் ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டு, “உக்காந்து பாடு” என்பார். அத்தை உட்கார்ந்து பாடுவார். நன்றாகத்தான் பாடுவார். எல்லாரும் பாராட்டுவார்கள். நாற்காலிக் கைப்பிடியில் விரல் மட்டும் போய் வந்துகொண்டிருக்கும். என் அப்பா நல்ல மனிதர், சல்லிவனும் அப்படித்தான் இருந்திருப்பார். இருவருக்கும் பாட்டு வேண்டும். அது வந்த உடம்பு வேண்டாம்.

இப்போது அந்தப் பெண்மணி. சிஸ்டர் ரொசெட்டா தார்ப். 1915இல் ஆர்கன்சாவில் காட்டன் பிளான்ட் என்ற ஊரில் பிறந்தவர். அம்மா சர்ச் ஆஃப் காட் இன் கிரைஸ்ட் என்ற பெந்தெகொஸ்தே சபையின் ஊழியக்காரி, மாண்டலின் வாசிப்பவர். மகள் சின்ன வயதிலேயே கிடாரோடு மேடையேறிவிட்டாள். 1938இல் நியூயார்க் போய் டெக்கா கம்பெனிக்குப் பாடினார். அதில் ‘ராக் மீ’ என்று ஒன்று, மூலப்பாட்டு யாருடையது தெரியுமா? அதே தாமஸ் டார்ஸியுடையது. இரவு விடுதியில் கர்த்தரைப் பாடுகிறாளே என்று சபையார் முகம் சுளித்தார்கள். 1944இல் பதிவான ‘ஸ்ட்ரேஞ்ச் திங்ஸ் ஹாப்பனிங் எவ்ரி டே’ மறுவருடம் கறுப்பினத்தவர் பட்டியலில் இரண்டாமிடம் வரை போனது. கிடாரின் அந்தத் துள்ளலைக் கேட்டுவிட்டு அப்புறம் வந்து ‘ராக் அரவுண்ட் த கிளாக்’ பற்றிப் பேசுங்கள். 1947இல் ஜார்ஜியாவின் மேக்கன் நகர அரங்கில் கோக் விற்றுக்கொண்டிருந்த ஒரு பையனைத் தன் மேடையில் பாட வைத்து, கையில் பணமும் கொடுத்தார். அவன்தான் லிட்டில் ரிச்சர்ட். 1951இல் வாஷிங்டனில் ஒரு பேஸ்பால் மைதானத்தில் டிக்கெட் போட்டுத் தன் கல்யாணத்தை நடத்தினார். இருபதாயிரத்துக்கும் மேல் கூட்டம். மணக்கோலத்திலேயே கிடாரை மாட்டிக்கொண்டு கச்சேரியும் செய்தார். அந்தத் துணிச்சலை என்ன சொல்ல.

ராக் அண்ட் ரோல் அலை எழுந்தபோது அவருக்கு நாற்பதைத் தாண்டிவிட்டது. கறுப்பு, பெண், பருமன், பாடுவது பக்திப் பாட்டு. அமெரிக்கத் தொலைக்காட்சி அவரை எந்த இடத்தில் வைக்கும்? அவரை முழுசாகப் பார்க்க நீங்கள் இங்கிலாந்துக்குப் போக வேண்டும். 1964 மே மாதம், மான்செஸ்டரில் மூடிக்கிடந்த வில்பிரகாம் ரோடு ரயில் நிலையத்தில் கிரனாடா டிவி ஒரு நிகழ்ச்சி எடுத்தது. தண்டவாளத்துக்கு இந்தப் பக்கம் நடைமேடையில் வெள்ளைக்கார இளைஞர்கள், அந்தப் பக்கம் மேடை. ப்ளூஸ் பாடகர் மட்டி வாட்டர்ஸும் இருந்தார். அரங்க அமைப்பு மகா அசட்டுத்தனம். அமெரிக்கத் தென்பகுதி என்று காட்டப் பருத்தி மூட்டை, மரப்பெட்டி, ஆடு, கோழி என்று கொட்டி வைத்திருக்கிறார்கள். கறுப்பினக் கலைஞர்களைக் கூட்டிவந்து பருத்தி மூட்டைக்குப் பக்கத்தில் நிறுத்துகிற புத்தி எவனுக்கு வந்ததோ.

நல்ல வேளையாக மழை வந்தது. ரொசெட்டா குதிரை வண்டியில் வந்து இறங்குகிறார். வெளிர் நிறக் கோட்டு, குதியுயர்ந்த செருப்பு. ஈர நடைமேடையில் கைபிடித்து அழைத்து வருகிறார்கள். வெள்ளைக் கிப்ஸன் கிடாரை மாட்டிக்கொண்டு, ‘டிடின்ட் இட் ரெயின்’ என்று நோவாவின் மழையை எடுக்கிறார். நாற்பத்தொன்பது வயது. ஒரு இடத்தில் கிடாரில் தனியாக ஒரு சுற்று வாசிக்கிறார், அப்போது கேமரா முழு உருவத்தையும் காட்டுகிறது, செருப்பிலிருந்து தலைமுடி வரை. கால் ஒரு தாளம், தோள் ஒரு தாளம். எனக்கு நன்றாகத் தெரிந்த அசைவு அது.

இதைத்தான் போன மாதம் ஊருக்குப் போனபோது அத்தையிடம் என் ஃபோனில் காட்டினேன். எண்பதைத் தாண்டிவிட்டது, முட்டுவலி, சபைக்கு ஆட்டோவில் போகிறார். கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு பார்த்தார்.

“எந்த சபைக்காரி மக்களே இவ?”

சொன்னேன்.

“அப்பம் நம்ம ஆளுதான். ஆனா காதுல கம்மல் கிடக்கே?”

அதற்கு நான் என்ன பதில் சொல்ல. இன்னும் கொஞ்சம் பார்த்தார். “கோட்டு கொள்ளாம். மழையில இப்பிடி நிக்க வெச்சிருக்கானுவளே, ஸ்டேஷன்ல கூரை இல்லியா?” கிடார் பகுதி வந்தது. வாயை மூடிக்கொண்டார். முடிந்ததும் ஃபோனைத் திருப்பித் தந்து, “ஜெபம் பண்ணிட்டுத்தான் வந்து நிக்கா. இல்லன்னா இந்தக் கை இப்பிடி வராது” என்றார். பிறகு, அந்த ஆட்களெல்லாம் ஏன் அவ்வளவு தூரத்தில் உட்கார்ந்திருக்கிறார்கள், பக்கத்தில் வரப் பயமா என்று கேட்டார். ரொசெட்டாவைப் பற்றி நான் படித்த எதிலும் இந்தக் கேள்வி இல்லை.

ரொசெட்டா 1973இல் பிலடெல்பியாவில் இறந்தார். பல பத்தாண்டுகள் கல்லறையில் பெயர்க்கல்கூட இல்லாமல் கிடந்தார். ராக் அண்ட் ரோல் புகழரங்கம் 1986இல் எல்விஸோடு தொடங்கியது, இவரைச் சேர்க்க 2018 ஆயிற்று. தன்னை அதே அரங்கில் 1992இல் சேர்த்தபோது கன்ட்ரி இசைப் பாடகர் ஜானி கேஷ் இவர் பெயரைச் சொல்லி நன்றி சொன்னார். அதன்பிறகும் இருபத்தாறு வருடம். உட்கார்ந்து பாடு.

உங்கள் மகளின் குற்றச்சாட்டை மறந்துவிட்டேன் என்று நினைத்திருப்பீர்கள். பாதி சரி. ‘ஹவுண்ட் டாக்’ பாட்டை முதலில் பதிவு செய்தவர் பிக் மாமா தார்ன்டன், 1952இல். அவரும் அலபாமாவில் ஒரு போதகரின் மகள்தான், இதையும் என் கணக்கில் சேர்த்துக்கொள்கிறேன். மறுவருடம் அது கறுப்பினத்தவர் பட்டியலில் ஏழு வாரம் முதலிடத்தில் இருந்தது. தனக்குக் கிடைத்ததெல்லாம் சுமார் 500 டாலர் என்று அவர் சொல்லியிருக்கிறார். ஆனால் அதை எழுதியவர்கள் லீபர், ஸ்டோலர் என்ற பத்தொன்பது வயது வெள்ளைக்கார யூதப் பையன்கள். எல்விஸ் அதைத் தன் மேடைக்கு எடுத்துக்கொண்டது தார்ன்டனின் இசைத்தட்டிலிருந்துகூட இல்லை, லாஸ் வேகாஸில் ஒரு வெள்ளைக்காரக் குழு அதை வேடிக்கைப் பாட்டாக மாற்றிப் பாடியதைப் பார்த்து. பையன் திருடன் என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. அவன் வளர்ந்த சபையிலிருந்து எடுத்துக்கொண்டான், அது அவனுடையதும்தான். கதவை ஒருவனுக்கு மட்டும் திறந்துவிட்டு, அவன் பின்னால் வந்தவர்களை வாசலில் நிறுத்தியவர்கள் இருக்கிறார்களே, விளம்பரதாரர்கள், நிலையத்தார், இசைத்தட்டுக் கம்பெனிக்காரர்கள், மகளின் கோபம் அந்தப் பக்கம் திரும்பினால் நானும் கூடச் சேர்ந்துகொள்வேன்.

வண்ணம் பூசிய பிரதிகளை இனி அனுப்ப வேண்டாம். எல்விஸின் சட்டைக்கு என்ன நிறம் என்று எந்த மென்பொருளுக்கும் தெரியாது. ‘முதல் பாட்டு எது’ என்றும் மறுபடி எழுத வேண்டாம். இந்தச் சனிக்கிழமை தனியாக உட்காராமல் மகளைக் கூட உட்கார வையுங்கள். 1957 ஜனவரி 6 முதலில், மான்செஸ்டர் ரயில் நிலையம் அடுத்து. இரண்டுக்கும் நடுவே ரீல்ஸைப் பற்றி ஒரு வார்த்தை பேசக்கூடாது. பார்த்து முடித்ததும் சண்டை வந்தால் மகளையே எனக்கு எழுதச் சொல்லுங்கள். உங்களுடையதைவிட அவர் கேட்டதுதான் நல்ல கேள்வி.